பயோவேர் கதை: நல்லா ஓடிய ஸ்டுடியோவை வாங்கினவங்க உண்மையில் எதை வாங்கினாங்க?



மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ், பால்டர்ஸ் கேட். இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்றைக் கேட்டதும் காலேஜ் ஹாஸ்டல் ராத்திரிகள் ஞாபகம் வந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். பெயரே கேள்விப்பட்டதில்லை என்றாலும் பரவாயில்லை, ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும்போது பணம் எப்படி ஓடுது, அது உள்ளே வேலை பார்க்கிறவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துது என்பதுதான் நம்ம பாடம். கேம் ஒரு உதாரணம்தான்.

ஏன் இது உங்களுக்கு முக்கியம்? ஐடி, ஸ்டார்ட்அப், ஃபார்மா, பேங்க் என்று எங்கே வேலை பார்த்தாலும் ஒருநாள் காலையில் "ஒரு மகிழ்ச்சியான செய்தி" என்று ஒரு மெயில் வரும். நம்ம கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியிருக்கும். எதுவும் மாறாது, நம்ம கல்ச்சர் அப்படியே இருக்கும் என்று அதில் எழுதியிருக்கும். எழுதினவர் பொய் சொல்றார்னு நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அவர் அதை நம்பித்தான் எழுதுவார். ஆனால் கணக்கு வேற திசையில் இழுக்கும். அந்தக் கணக்கைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

டாக்டர்கள் ஆரம்பிச்ச கடை

1995-ல் கனடாவின் எட்மன்டன் நகரத்தில் பயோவேர் ஆரம்பமானது. ஆரம்பிச்சவங்க மருத்துவம் படிச்ச டாக்டர்கள்: ரே முசைகா, கிரெக் செஸ்சுக், அகஸ்டின் யிப். 1998-ல் வந்த பால்டர்ஸ் கேட் இவங்களை உலகத்துக்குக் காட்டியது. 2003-ல் ஸ்டார் வார்ஸ் கதையை வெச்சு நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக். 2007-ல் மாஸ் எஃபெக்ட். கதை, பாத்திரங்கள், நீங்க எடுக்கும் முடிவுக்கு ஏத்த மாதிரி மாறும் உலகம் என்பதுதான் இவங்க கைவரிசை. அவசரமில்லாமல் செய்வாங்க. டிராகன் ஏஜ் முதல் பாகத்தை 2004-ல் அறிவிச்சாங்க. வெளியே வந்தது 2009 நவம்பரில்!

இந்த மாதிரி கடைக்கு ஒரு பெரிய பிரச்சினை உண்டு. ஒரு கேம் செய்ய நாலைந்து வருஷம். அதுவரை சம்பளம் கொடுத்துக்கிட்டே இருக்கணும், வருமானம் கடைசியில்தான் வரும். ஒரு கேம் படுத்துட்டா அடுத்த மாசச் சம்பளமே கேள்விக்குறி. அதனால் எவ்வளவு நல்ல ஸ்டுடியோவாக இருந்தாலும், பின்னால் பண பலம் உள்ள ஒருத்தர் வேணும் என்ற ஆசை வரும். இதைப் பேராசைன்னு சொல்ல முடியாது. மாசச் சம்பளம் வேணும்னு நாம நினைக்கிறோமே, அதே பயம்தான்.

2005-ல் எலிவேஷன் பார்ட்னர்ஸ் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் வந்தது. யு2 பாடகர் போனோ இதில் ஒரு பங்குதாரர். பயோவேரையும், கலிஃபோர்னியாவில் இருந்த பேண்டெமிக் ஸ்டுடியோவையும் இணைச்சு ஒரே ஹோல்டிங் கம்பெனிக்குக் கீழே கொண்டுவந்தாங்க.

இங்கே ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். பிரைவேட் ஈக்விட்டி என்பது பிறர் பணத்தைத் திரட்டி, குறிப்பிட்ட வருஷங்களுக்குள் லாபத்தோடு திருப்பித் தரணும் என்ற ஒப்பந்தத்தில் நடக்கும் தொழில். உள்ளே வரும்போதே வெளியேறும் வாசல் எங்கேன்னு பார்த்துட்டுத்தான் வருவாங்க. பிரைவேட் ஈக்விட்டி பணம் வாங்கிய நாளிலேயே அந்தக் கம்பெனி ஒரு வகையில் விற்பனைக்கு வந்தாச்சு. வாங்குறவர் யாருன்னு மட்டும் தெரியாது.

இரண்டே வருஷத்தில் அதுவும் தெரிஞ்சது. 2007 அக்டோபரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், சுருக்கமா ஈஏ, இரண்டு ஸ்டுடியோக்களையும் சேர்த்து வாங்குறதா அறிவிச்சது. அதில் ஒரு சுவாரசியம்: அப்போ ஈஏ-வின் தலைவராக இருந்த ஜான் ரிச்சிடெல்லோ, அந்த வருஷம் ஏப்ரலில்தான் ஈஏ-வுக்குத் திரும்பி வந்திருந்தார். அதற்கு முன் அவர் இருந்த இடம்? எலிவேஷன் பார்ட்னர்ஸ். அதன் நிறுவனர்களில் ஒருவர் அவர். நான் இதில் எதையும் குற்றம் சாட்டலை. ஆனால் நீங்க ஒரு கம்பெனியின் ஷேரை வெச்சிருந்து, அது பெரிய தொகைக்கு இன்னொன்றை வாங்கினால், வாங்குறவருக்கும் விற்கிறவருக்கும் இடையில் என்ன பழைய உறவு என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

86 கோடி டாலர் எப்படிப் பிரிஞ்சது

தலைப்புச் செய்தியில் வந்த தொகை அதிகபட்சம் சுமார் 86 கோடி டாலர். ஆனால் தலைப்புச் செய்தித் தொகையை அப்படியே நம்பக் கூடாது, பிரிச்சுப் பார்க்கணும். 62 கோடி வரை ரொக்கம், இது பங்குதாரர்களுக்கு. 15.5 கோடி வரை ஈஏ பங்குகள், இது குறிப்பிட்ட ஊழியர்களுக்கு, நிபந்தனைகளோடு. சுமார் 5 கோடி, ஏற்கெனவே கொடுத்திருந்த பங்கு விருப்ப உரிமைகளை, அதாவது ஸ்டாக் ஆப்ஷன்களை, ஈஏ ஏற்றுக்கொண்ட வகையில். டீல் முடியும்வரை செலவுக்கு ஒரு கடன்.

பார்த்தீங்களா? ரொக்கம் முதலீட்டாளர்களுக்குப் போகுது. ஊழியர்களுக்கு வருவது பெரும்பாலும் "இருந்தால் கிடைக்கும்" பங்கு. ஏன் இப்படி? ஏனென்றால் ஈஏ வாங்கினதில் பெரும் பகுதி ஆளுங்க. மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்தாலும் சொற்பம்தான் தேறும். சில கேம்களின் உரிமை இருக்கு, அது மதிப்புள்ளது. மிச்சமெல்லாம் தினமும் சாயங்காலம் லிஃப்டில் இறங்கி வீட்டுக்குப் போகும் சொத்து. அது மறுநாள் திரும்பி வரணும்னா ஒரு காரணம் வேணும். அந்தக் காரணம்தான் அந்தப் பங்கு. அமெரிக்காவில் இதைத் தங்க விலங்குன்னு சொல்வாங்க.

கணக்குப் புத்தகத்தில் இதுக்கு ஒரு பெயர் உண்டு: குட்வில். கொடுத்த விலையிலிருந்து, கைக்குச் சிக்கும் சொத்துகளின் மதிப்பைக் கழிச்சா மிஞ்சும் தொகை. பேலன்ஸ் ஷீட்டில் அது சொத்து வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஆனால் ஒரு நல்ல எழுத்தாளர் வேலையை விட்டுப் போனால் அந்த வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பல வருஷம் கழிச்சு ஒருநாள் ஆடிட்டர் கேட்கும்போதுதான் மொத்தமா வெட்டுவாங்க. அதனால் நீங்க ஷேர் வாங்கும்போது, குட்வில் மட்டும் மலை மாதிரி ஏறிக்கிட்டே போற கம்பெனியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்க.

விலைதான் முதல் பாரம்

ஒரு மெஸ் இருக்குன்னு வெச்சுக்குங்க. வருஷத்துக்கு 10 லட்சம் லாபம். ஓனர் நிம்மதியா இருக்கார். சாப்பாடு பிரமாதம். நீங்க அதை 1.5 கோடி கொடுத்து வாங்குறீங்க. அதே 1.5 கோடியை 7 சதவீத எஃப்.டி-யில் போட்டிருந்தால் 10.5 லட்சம் வந்திருக்கும், ஒரு வெங்காயம்கூட நறுக்காமல்! அப்போ நீங்க என்ன செய்வீங்க? லாபத்தை 20 லட்சமா ஆக்கணும்னு நினைப்பீங்க. அளவைக் குறைக்கலாம், எண்ணெயை மாத்தலாம், இரண்டாவது கிளை திறக்கலாம், மாஸ்டரை இரண்டு ஷிஃப்ட் நிக்கச் சொல்லலாம். சமையலில் எந்தக் குறையும் இல்லை. பழைய ஓனருக்குப் போதுமான அதே லாபம் உங்களுக்குப் போதாது, ஏனென்றால் நீங்க விலை கொடுத்திருக்கீங்க.

இதே கணக்கை பயோவேருக்குப் போடுவோம். ரொக்கமாப் போன 62 கோடி டாலரை மட்டும் எடுத்துக்கலாம். வருஷத்துக்கு 12 சதவீதம் வருமானம் எதிர்பார்க்கிறாங்கன்னு வெச்சுக்குங்க (இது என் அனுமானம், ஈஏ சொன்னதில்லை). இரண்டு வருஷம் கழிச்சு அந்த 62 கோடி, கிட்டத்தட்ட 78 கோடியா ஆகியிருக்கணும். ஐந்து வருஷம் ஆனால்? 109 கோடிக்கு மேல். எஸ்.ஐ.பி. வீடியோவில் கூட்டு வட்டியின் அருமை பற்றி நான் கத்திக் கத்திச் சொல்வேன் இல்லையா? அதே கூட்டு வட்டி இங்கே ஸ்டுடியோவுக்கு எதிரா ஓடுது. "இன்னும் ஒரு வருஷம் கொடுங்க, நல்லா செய்யறோம்" என்ற வாக்கியத்தின் விலை ஒவ்வொரு வருஷமும் ஏறுது.

இப்போ இதைப் பாருங்க. டிராகன் ஏஜ் முதல் பாகம், அறிவிப்பிலிருந்து வெளியீடு வரை ஐந்து வருஷம். இரண்டாம் பாகம் வந்தது 2011 மார்ச்சில். இடைவெளி பதினாறே மாசம். ஆடினவங்களுக்குத் தெரியும், ஒரே குகையையும் ஒரே கிடங்கையும் திரும்பத் திரும்ப வேற வேற இடம்னு காட்டுவாங்க. ரசிகர்கள் கொதிச்சுப் போனாங்க. கதையில் துணிச்சல் இருந்தது, எனக்கே அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அவசரம் ஒவ்வொரு சுவரிலும் தெரிஞ்சது.

முதல் இரண்டு வருஷம் ஏமாத்தும்

ஒரு நிமிஷம், நீங்க கேட்கலாம்: ஈஏ வாங்கின பிறகுதானே மாஸ் எஃபெக்ட் 2 வந்தது? பலர் பயோவேரின் சிறந்த கேம் என்று சொல்வதே அதைத்தானே?

உண்மை. 2010 ஜனவரியில் வந்தது. டிராகன் ஏஜ் முதல் பாகமும் ஈஏ கைக்கு வந்த பிறகு வெளியானதுதான். ஆனால் இவை ஊன்றப்பட்டது எப்போது? தோப்பை வாங்கினவன் முதல் வருஷமே தேங்காய் பறிப்பான். அந்தத் தென்னையை வெச்சவன் வேற ஆள். கையகப்படுத்தல் நடந்த முதல் சில வருஷங்களில் வரும் நல்ல ரிசல்ட், பெரும்பாலும் பழைய நிர்வாகம் விட்டுப்போன விளைச்சல். புது நிர்வாகம் என்ன ஊன்றியதுன்னு தெரிய நாலைந்து வருஷம் ஆகும். அதற்குள் டீலைச் செய்த அதிகாரிகள் போனஸ் வாங்கி, வேற கம்பெனிக்கும் போயிருப்பாங்க.

அதே காலத்தில் ஈஏ-வின் சொந்தக் கதையும் சரியில்லை. 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிகர நஷ்டம் சுமார் 109 கோடி டாலர். அந்த வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி இரண்டு அறிவிப்பு ஒரே நாளில் வந்தது. ஒன்று, 1,500 வேலைகள் போகும். இன்னொன்று, ஃபேஸ்புக் கேம்கள் செய்யும் ப்ளேஃபிஷ் என்ற கம்பெனியை 27.5 கோடி டாலர் ரொக்கமாகக் கொடுத்து வாங்குறோம். சில நாளில் பேண்டெமிக் ஸ்டுடியோவை மூடினாங்க. ஆமாம், பயோவேரோடு சேர்த்து வாங்கின அதே பேண்டெமிக். வாங்கி இரண்டு வருஷம்கூட முழுசா ஆகலை. ப்ளேஃபிஷ் என்ன ஆச்சு? 2013-ல் பெட் சொசைட்டி போன்ற அதன் கேம்களை ஈஏ நிறுத்திட்டது.

இதை நான் ஏன் இழுத்துச் சொல்றேன்னா, ஒரு குழுமத்துக்குள் போனபிறகு உங்க வேலையின் பாதுகாப்பு உங்க டீமின் லாபத்தை மட்டும் பொறுத்ததில்லை. பக்கத்து டிவிஷனில் யார் என்ன தப்பு செய்தாலும் அதன் பில்லில் உங்களுக்கும் பங்கு உண்டு.

2012 செப்டம்பரில் முசைகாவும் செஸ்சுக்கும் விலகுவதா அறிவிச்சாங்க. கைமாறி நாலே முக்கால் வருஷம். காரணம் பணம்தான் என்று சொல்ல முடியாது. செஸ்சுக் பீர் தயாரிப்புப் பக்கம் போனார், முசைகா சிறு நிறுவனங்களில் முதலீடு செய்யப் போனார். களைச்சுப் போன மனுஷங்க வேற வாழ்க்கை தேடிப் போவது இயல்பு. ஆனால் "இது சரியில்லை, தள்ளி வைப்போம்" என்று மேலிடத்தில் உட்கார்ந்து சொல்லக்கூடிய இரண்டு பேர் ஒரே நாளில் போனாங்க.

ஃபுட்பாலோடு போட்டி

எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான பகுதி இதுதான். தனியா இருக்கும் ஸ்டுடியோ 100 ரூபாய் போட்டு 130 எடுத்தால் கேக் வெட்டும். குழுமத்துக்குள் இருக்கும் ஸ்டுடியோ அதே 130 எடுத்தால் ஒரு கேள்வி வரும்: அந்த 100-ஐ வேற இடத்தில் போட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? இதைத்தான் வாய்ப்புச் செலவு என்பார்கள்.

ஈஏ-வில் அந்த "வேற இடம்" எது தெரியுமா? ஃபிஃபா கால்பந்து கேமின் அல்டிமேட் டீம். ஆட்டக்காரர் கார்டுகள் அடங்கிய பாக்கெட்டைக் காசு கொடுத்துப் பிரிக்கணும், உள்ளே யார் இருப்பாங்கன்னு தெரியாது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அல்டிமேட் டீம் வகையில் மட்டும் 162 கோடி டாலர் வருமானம்! பயோவேரையும் பேண்டெமிக்கையும் சேர்த்து வாங்கின விலையைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஒரே வருஷத்தில். ஈஏ-வின் மொத்த வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல், கேமை விற்ற பிறகு வரும் இந்த மாதிரி லைவ் சர்வீஸ் வருமானம்தான்.

இப்போ நீங்க ஈஏ-வின் நிதித்துறைத் தலைவர்னு நினைச்சுக்குங்க. ஒருத்தர் வந்து சொல்றார்: ஐந்து வருஷம் கொடுங்க, கதை ஒன்று செய்றோம், ஒருமுறை விற்போம், ஆடிமுடிச்சா அவ்வளவுதான். இன்னொருத்தர் சொல்றார்: வருஷா வருஷம் பாக்கெட் விற்போம். யாருக்குக் கையெழுத்துப் போடுவீங்க? போட்டி இப்படி இருக்கும்போது, கதை சொல்றவரும் "எங்க கேமிலும் ஏதாவது தொடர் வருமானம் வரும்" என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பிப்பார். யாரும் கட்டளை போடத் தேவையே இல்லை.

ஆந்தம் அப்படித்தான் பிறந்தது. கதைக்குப் பெயர் போன ஸ்டுடியோ, நாலு பேர் சேர்ந்து ஆன்லைனில் சுட்டுக்கிட்டே இருக்கும் கேம் செய்யப் போனது. 2019 பிப்ரவரியில் வெளியானது, விமர்சகர்கள் நொறுக்கிட்டாங்க. இரண்டு மாசத்தில் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் உள்கதையை எழுதினார். பல வருஷம் என்ன செய்றோம்னே முடிவாகாமல் சுத்தி, கடைசி ஒன்றரை வருஷத்துக்குள் பெரும்பகுதியைக் கட்டியிருக்காங்க. மன அழுத்தத்தில் வாரக்கணக்கில், மாசக்கணக்கில் லீவில் போனவங்க உண்டு.

இங்கே ஈஏ-வை மட்டும் வில்லனாக்கினால் நான் நியாயமா எழுதினதா ஆகாது. அந்தக் கட்டுரை சொன்ன தவறுகளில் பெரும் பகுதி பயோவேரின் சொந்தத் தலைமையுடையது. "கடைசி நேரத்தில் எல்லாம் ஒண்ணு சேரும், அதான் பயோவேர் மேஜிக்" என்று ஒரு நம்பிக்கை உள்ளேயே ஓடியது. அது மேஜிக் இல்லை, ராத்திரி பகலா வேலை பார்த்த ஊழியர்களின் உடம்பு.

ஃபிராஸ்ட்பைட் விஷயமும் அப்படித்தான், இரண்டு பக்கம் உண்டு. மாஸ் எஃபெக்ட் முதல் மூன்று பாகமும் அன்ரியல் என்ற என்ஜினில் செய்தவை. வெளியாளின் என்ஜின் என்பதால் அதற்குக் காசு கொடுக்கணும். ஈஏ-விடம் சொந்தமா ஃபிராஸ்ட்பைட் இருந்தது, பேட்டில்ஃபீல்ட் சுடும் கேமுக்காக டைஸ் ஸ்டுடியோ செய்தது. குழுமம் முழுக்க ஒரே என்ஜின் என்றால் மிச்சம் என்பது எக்ஸெல் ஷீட்டில் அழகா இருக்கும். ஆனால் பாத்திரத்தின் பை, உரையாடல், கதையைச் சேமிக்கும் முறை என்று பயோவேருக்குத் தேவையான பலதும் அதில் இல்லை, புதுசா எழுதணும். ராயல்டியில் மிச்சம் பிடிச்சது பொறியாளர்களின் சம்பள நேரத்தில் கரைஞ்சது. அதே என்ஜினில்தான் 2014-ல் டிராகன் ஏஜ் இன்குவிசிஷன் வந்து, கேம் அவார்ட்ஸில் அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. முடியாத காரியம் இல்லை. செலவு வேற நோட்டில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். 2017-ல் அதே என்ஜினில் மாஸ் எஃபெக்ட் ஆண்ட்ரோமெடா வந்தபோது பாத்திரங்களின் முக அசைவுகளே உலகம் முழுக்க மீம் ஆயிருச்சு.

அடுத்த டிராகன் ஏஜின் பாடு இன்னும் பரிதாபம். முதலில் ஒற்றை ஆள் ஆடும் கதையா ஆரம்பிச்சது. 2017-ல் அதை நிறுத்தி, ஆட்களை ஆந்தத்துக்கு அனுப்பினாங்க. பிறகு பலர் சேர்ந்து ஆடும் லைவ் சர்வீஸா மறுபடி ஆரம்பிச்சாங்க. ஆந்தம் விழுந்ததும், ஈஏ-வின் இன்னொரு ஸ்டுடியோவான ரெஸ்பான் செய்த ஸ்டார் வார்ஸ் கதை நன்றாக ஓடியதும், 2021 வாக்கில் திரும்ப ஒற்றை ஆள் கதை. மூன்று முறை இடிச்சுக் கட்டின வீடு 2024 அக்டோபர் 31-ல் டிராகன் ஏஜ் தி வெயில்கார்ட் என்று வந்தது. ஆடினவங்க 15 லட்சம் பேர், எதிர்பார்த்ததில் கிட்டத்தட்ட பாதிதான் என்று 2025 ஜனவரியில் ஈஏ சொன்னது. அந்த அறிவிப்பில் கால்பந்து கேமும் எதிர்பார்ப்பைத் தொடலைன்னு இருந்தது, பணத்தில் அதுதான் பெரிய அடி. பங்கு ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பயோவேரிலிருந்து பலரை அனுப்பிட்டாங்க, சிலரை வேற ஸ்டுடியோவுக்கு மாத்திட்டாங்க. மிச்சம் 100 பேருக்கும் கீழே என்று செய்திகள் வந்தன.

அந்த ரெஸ்பானையும் ஈஏ 2017-ல் காசு கொடுத்துதான் வாங்கியது என்பதையும் சொல்லிடறேன். வாங்கினாலே செத்துப்போகும் என்று விதி கிடையாது. ரெஸ்பான் அந்த ஸ்டார் வார்ஸ் கேமை அன்ரியலில் செய்தது, குழும என்ஜினில் இல்லை. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற பெரிய வருமானத்தையும் கையில் வெச்சிருந்தது. சம்பாதிக்கிற பிள்ளைக்கு வீட்டில் மரியாதை தனிதான்!

பால்டர்ஸ் கேட் 3 யாருடையது?

பயோவேரின் பெயரை உலகத்துக்குச் சொன்ன பால்டர்ஸ் கேட்டின் மூன்றாம் பாகம் 2023 ஆகஸ்டில் வந்தது. வருஷத்தின் எல்லாப் பெரிய விருதும் அதற்குத்தான். செய்தது பயோவேர் இல்லை, பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டுடியோ. இதைக் கட்டுப்படுத்துபவர் அதன் நிறுவனர் ஸ்வென் வின்கே. சீனாவின் டென்சென்ட்டுக்கு சுமார் 30 சதவீதப் பங்கு உண்டு, ஆனால் ஓட்டுரிமை இல்லாத பங்கு. 2020 அக்டோபரிலேயே அரைகுறைப் பதிப்பை விற்பனைக்கு விட்டு, ஆடினவங்க சொன்னதைக் கேட்டு, கிட்டத்தட்ட மூன்று வருஷம் எடுத்துத் திருத்தினாங்க. கார்டு பாக்கெட், தொடர் கட்டணம் எதுவும் இல்லை.

கதை கேம் இனி ஓடாது என்ற வாதம் இதோடு அடிபட்டுப் போச்சுன்னு நினைப்பீங்க. ஆனால் வெயில்கார்ட் சரிவுக்குப் பிறகு ஈஏ தலைவர் ஆண்ட்ரூ வில்சன் முதலீட்டாளர்களிடம் சொன்னது, நல்ல கதையோடு பலரும் பகிர்ந்து ஆடும் உலகத்தையும் ஆடுறவங்க எதிர்பார்க்கிறாங்க என்று. ஈஏ-வின் கணக்கிலிருந்து பார்த்தால் அவர் பேச்சு புரியுது. லாரியனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய விலை எதுவும் தலைக்கு மேல் இல்லை. அவங்க லாபத்தை ஃபுட்பாலோடு ஒப்பிட ஆளும் இல்லை.

வாங்கினவனையே வாங்குறாங்க

கதை இங்கே முடியலை. 2025 செப்டம்பரில் ஈஏ-வையே வாங்குறதா அறிவிப்பு வந்தது. சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம், சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் மூணும் சேர்ந்து. மொத்த மதிப்பு 5,500 கோடி டாலர், ஒரு பங்குக்கு 210 டாலர். இதில் 2,000 கோடி டாலர் கடன்.

இந்த மாதிரி டீலில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்க கடன் வாங்கி வீடு வாங்கினால் இ.எம்.ஐ. உங்க சம்பளத்திலிருந்து போகும். இங்கே கடன், வாங்கப்படும் கம்பெனியின் தலையில் ஏறும். வீடே வேலைக்குப் போய் இ.எம்.ஐ. கட்டுற மாதிரி. வட்டி 8 சதவீதம்னு சும்மா வெச்சுக்கிட்டால் வருஷத்துக்கு 160 கோடி டாலர். 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஈஏ-வின் நிகர லாபம் சுமார் 112 கோடி டாலர். வட்டிக்கு வரிச் சலுகை உண்டு, நிகர லாபத்தையும் வட்டியையும் நேரடியா ஒப்பிடுவது முழுசா சரியில்லை என்பதும் தெரியும். இருந்தாலும் பாரத்தின் எடை என்னன்னு புரியும். பயோவேரில் மிஞ்சின அந்தச் சின்ன டீம் இப்போ அடுத்த மாஸ் எஃபெக்ட் செய்துகிட்டிருக்கு.

உங்க ஆபீஸுக்கு அந்த மெயில் வந்தால்

முதலில் தொகையைப் பிரிச்சுப் பாருங்க: எவ்வளவு ரொக்கம், எவ்வளவு பங்கு, எவ்வளவு இலக்கை எட்டினால் மட்டும். உங்க கையில் ஈசாப் இருந்தால், இன்னும் உரிமையாகாத பங்கு என்ன ஆகும் என்பதை மெயிலில் கேட்டு எழுத்தில் வாங்குங்க. கம்பெனி கைமாறினதும் உடனே முழுசும் உங்களுடையதாகுமா? இல்லை, கைமாறின பிறகு உங்களை வேலையைவிட்டு அனுப்பினால்தான் ஆகுமா? இல்லை, புது கம்பெனியின் பங்கா மாறி இன்னும் மூணு வருஷம் காத்திருக்கணுமா? ஹெச்.ஆர். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் சேராது. ஈசாப்பைப் பங்காக மாற்றும்போதே, சந்தை மதிப்புக்கும் நீங்க கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமா கணக்காகி வரி விழும் என்பதையும் மறக்காதீங்க.

புது ஆஃபர் லெட்டர் கொடுத்தால், பழைய சேர்ந்த தேதி அப்படியே தொடருதான்னு பாருங்க. கிராஜுவிட்டிக்கும், பின்னாளில் வேலையைவிட்டு அனுப்பினால் கிடைக்கும் இழப்பீட்டுக்கும் அந்தத் தேதிதான் ஆதாரம். 2023-ல் பயோவேர் சுமார் 50 பேரை அனுப்பியபோது, இழப்பீடு போதாதுன்னு ஏழு பேர் கோர்ட்டுக்குப் போனாங்க. பல வருஷம் அங்கேயே உழைச்சவங்க அவங்க.

தங்குவதற்கு போனஸ் கொடுத்தால் வாங்கிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அதை நம்பிப் பெரிய வீட்டுக் கடன் எடுக்காதீங்க. தங்க விலங்கோடு இ.எம்.ஐ.-யும் சேர்ந்தால், மனசு விட்டுப்போன வேலையிலும் நீங்க அசைய முடியாது. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி இல்லைன்னா, அந்த மெயில் வந்த மாசமே ஆரம்பிங்க. மற்ற எஸ்.ஐ.பி.-யைக் கொஞ்ச நாள் குறைச்சாலும் பரவாயில்லை.

உங்க கம்பெனி பங்குச் சந்தையில் இல்லாத ஸ்டார்ட்அப் என்றால் ஈசாப் கணக்கு இன்னும் சிக்கல். அதில் யாருக்கு முதலில் பணம் போகும், நீங்க வரிசையில் எங்கே நிக்கறீங்க என்பதைப் பலகையில் எழுதிக் காட்டினால்தான் புரியும். அதை அடுத்த வீடியோவில் போடறேன்.